அடுப்பை மாற்றிய மாகாணம்: பின்லாந்தின் வட கரேலியா, ஒரு நிகழ்வு ஆய்வு

அப்பாவுக்கு மாரடைப்பு வந்து, ஸ்டென்ட் வைத்து வீடு திரும்பிய பிறகு எங்கள் சமையலறையில் இரண்டு சமையல் நடக்க ஆரம்பித்தது. ஒரு பாத்திரத்தில் அவருக்கு மட்டும் உப்புக் குறைத்து, எண்ணெய் குறைத்து ஒரு கூட்டு. இன்னொன்றில் எங்களுக்கு வழக்கமான வறுவல். இரண்டு மாதம் பொறுத்துக்கொண்டார். மூன்றாம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் தட்டிலிருந்து அப்பளத்தை எடுத்து ரசத்தில் நொறுக்கிப் போட்டுக்கொண்டார். அம்மா பார்த்தும் பார்க்காததுபோல் இருந்துவிட்டார். அன்று எங்களுக்குக் கோபம் வந்தது அப்பா மேல்தான். தவறு எங்கே இருந்தது என்பது, வட கரேலியாவின் கதையைப் படித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

வட கரேலியா பின்லாந்தின் கிழக்கு ஓரத்தில், ரஷ்ய எல்லையை ஒட்டிக் கிடக்கும் மாகாணம். காடும் ஏரியும் நிறைந்த ஊர். 1970களின் தொடக்கத்தில் அங்கே ஏறத்தாழ 1,80,000 பேர் இருந்தார்கள். பெரிய பட்டணம் என்று சொன்னால் யோயென்சூ ஒன்றுதான். பிழைப்பு என்றால் மரம் வெட்டுவதும் மாடு வளர்ப்பதும்தான். அந்த ஊர் ஆண்கள் அப்போது உலகத்திலேயே அதிகமாக மாரடைப்பால் செத்துக்கொண்டிருந்தார்கள். 35 முதல் 64 வயது வரையுள்ள ஆண்களில், லட்சத்துக்கு 700 பேரை நெருங்கும் அளவுக்கு ஆண்டுதோறும் இதயத் தமனி நோய் கொண்டுபோனது. வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கிற வயது அது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற வயது.

மரம் வெட்டும் உடம்பு

‘உழைக்கிற உடம்புக்கு ஒன்றும் ஆகாது’ என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். வட கரேலியா இந்த நம்பிக்கையை உடைத்துப் போட்ட இடம். அமெரிக்க ஆய்வாளர் ஆன்செல் கீஸ் 1950களின் இறுதியில் தொடங்கிய ஏழு நாடுகள் ஆய்வில், பின்லாந்தின் கிழக்குப் பகுதி ஆண்களும் சேர்க்கப்பட்டார்கள். அந்த நாட்டுப் பொறுப்பு மார்ட்டி கார்வோனென் என்ற ஆய்வாளருடையது. மைனஸ் டிகிரிக் குளிரில் கோடாரியும் ரம்பமும் பிடித்து நாள் முழுக்க வேலை செய்கிற, தொந்தி இல்லாத, முறுக்கேறிய உடம்புக்காரர்கள் அவர்கள். ஆனால் அந்த ஆய்வில் இதய நோய் அதிகம் கண்ட கூட்டமே இவர்கள்தான். மிகக் குறைவாகக் கண்டது கிரீஸின் கிரீட் தீவில். அந்தத் தீவிலும் கொழுப்பு தாராளமாகச் சாப்பிட்டார்கள். ஆனால் அது ஆலிவ் எண்ணெய்.

சரி, கரேலியாக்காரர்கள் என்ன சாப்பிட்டார்கள்? இதற்கு விடை தேட அவர்களுடைய வரலாற்றுக்குள் கொஞ்சம் போக வேண்டும். 1939 முதல் 1944 வரை சோவியத் யூனியனோடு நடந்த போர்களில் பின்லாந்து கரேலியா நிலத்தின் பெரும்பகுதியை இழந்தது. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடு வாசலை விட்டு இடம் பெயர்ந்தார்கள். அவர்களுக்கும் போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்கும் அரசாங்கம் துண்டு துண்டாக நிலம் கொடுத்தது. காட்டை வெட்டித் திருத்தினார்கள். அந்தக் குளிரில் காய்கறி அதிகம் விளையாது. புல் வளரும், புல் இருந்தால் மாடு வளரும். பால், வெண்ணெய், பாலாடைக்கட்டி, பன்றி இறைச்சி என்று சாப்பாடு ஆயிற்று. பசித்துக் கிடந்த தலைமுறைக்கு வெண்ணெய் வெறும் உணவுப் பொருளாக இருக்கவில்லை. வறுமை தீர்ந்துவிட்டது என்பதற்கு அதுதான் சாட்சி. நம் ஊரில் விருந்தாளிக்கு நெய்யைக் கரண்டியால் ஊற்றுகிறோமே, அந்த மனசுதான் அதுவும்.

ரை என்னும் தானியத்தில் செய்த கறுப்பு ரொட்டியில் தடிமனாக வெண்ணெய், கூடவே கொழுப்பு எடுக்காத பால், உப்பில் ஊறிய மீன். காய்கறி மாடு தின்கிற சங்கதி என்று நினைத்த ஆண்கள் நிறைய. நாளொன்றுக்கு அவர்கள் உடம்புக்குள் போன சக்தியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல், வெண்ணெய் போலக் குளிரில் உறைகிற நிறைவுற்ற கொழுப்பிலிருந்து வந்தது. உப்பு தினமும் 10 கிராமுக்கு வெகு மேலே. போர்முனையில் பழகிய சிகரெட் வேறு. 1972இல் ஆண்களில் பாதிக்கு மேல் புகைத்தார்கள்.

இவை மூன்றும் சேர்ந்து என்ன செய்யும் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நிறைவுற்ற கொழுப்பு கூடும்போது, ரத்தத்திலிருந்து கெட்ட கொலஸ்ட்ராலை எடுத்துக்கொள்ளும் கல்லீரலின் வேகம் குறைகிறது. எடுக்கப்படாதது ரத்தத்தில் சுற்றி, இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனியின் சுவருக்குள் படிகிறது. உப்பால் ஏறும் ரத்த அழுத்தம் அந்தச் சுவரை ஓயாமல் இடிக்கிறது. புகை சுவரின் உள்பூச்சைக் கெடுத்து, ரத்தத்தையும் உறையச் செய்கிறது. ஒருநாள் படிவு வெடித்து, அங்கே ரத்தம் கட்டியாகி, வழி அடைபடுகிறது. கோடாரி பிடித்த கை எவ்வளவு உரமானதாக இருந்தாலும் இந்தப் படிவைத் தடுக்க அது போதாது.

மனு

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. ஆராய்ச்சியாளர்கள் தேடி வருவதற்குக் காத்திராமல் ஊர்க்காரர்களே முதலில் கேட்டார்கள். 1971 ஜனவரியில் மாகாண ஆளுநர் எசா டிமோனென், மாகாணத்தின் நாடாளுமன்ற உறுப்பினர்கள், உள்ளூர் அமைப்புகளின் பிரதிநிதிகள் எல்லோரும் கையெழுத்திட்டு அரசாங்கத்துக்கு ஒரு மனு கொடுத்தார்கள். எங்கள் ஆண்கள் செத்துக்கொண்டிருக்கிறார்கள், ஏதாவது செய்யுங்கள் என்பதுதான் அதன் சாரம். பின்லாந்து இதயச் சங்கமும் உலக சுகாதார நிறுவனமும் திட்டமிடுவதில் கைகொடுத்தன. 1972இல் வட கரேலியா திட்டம் தொடங்கியபோது அதன் தலைவராக வந்தவர் பெக்கா புஸ்கா. வயது முப்பதைக்கூடத் தொடவில்லை.

முதலில் கணக்கெடுத்தார்கள். 25 முதல் 59 வயது வரையுள்ளவர்களில் சிலரைக் குலுக்கல் முறையில் தேர்ந்து, ரத்தம் எடுத்து, பிரஷர் பார்த்தார்கள். கூப்பிட்டவர்களில் 90 சதவீதத்துக்கு மேல் வந்தார்கள். பக்கத்து மாகாணமான குவோபியோவிலும் இதே கணக்கை எடுத்து, ஒப்பிடுவதற்கு வைத்துக்கொண்டார்கள். கரேலிய ஆண்களின் சராசரி கொலஸ்ட்ரால் லிட்டருக்கு 6.9 மில்லிமோல் என்று வந்தது. நம் ஊர் லேப் ரிப்போர்ட்டில் வருகிற கணக்கில் ஏறத்தாழ 267.

இந்த எண்ணைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். அது நோயாளிகளின் சராசரி அல்ல, ஊரின் சராசரி. அப்படியென்றால் ‘அதிக ஆபத்து உள்ளவர்’ என்று பத்துப் பேரைத் தனியாகப் பிரித்து மாத்திரை கொடுத்தால், மீதித் தொண்ணூறு பேர் என்ன ஆவார்கள்? எண்ணிக்கையில் பெரும்பாலான மாரடைப்புகள், கொஞ்சமாக மட்டும் அளவு கூடிய பெருங்கூட்டத்திலிருந்துதான் வருகின்றன. மிக அதிகம் உள்ளவர்கள் சிலர்தான். பிற்காலத்தில் ஜெஃப்ரி ரோஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் இதைத் தெளிவாக விளக்கி எழுதினார். கரேலியாவில் அதற்கு முன்பே அதைச் செய்து பார்த்துவிட்டார்கள்: ஆளைப் பிரிக்காமல், ஊரின் சாப்பாட்டையே மாற்றுவது.

எங்கள் வீட்டு இரண்டு பாத்திரங்கள் எனக்கு நினைவுக்கு வந்தது இந்த இடத்தில்தான்.

மார்த்தாக்களின் விருந்து

அறிவுரைத் தாளை அச்சடித்துக் கொடுத்தால் ஊர் மாறிவிடாது என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. வெண்ணெய் கெடுதல் என்று தாளில் படிக்கிற அதே மேசையில் வெண்ணெய்க் கிண்ணம் உட்கார்ந்திருக்கிறது. அந்தக் கிண்ணத்தை மேசையில் வைக்கிற கை யாருடையது?

பின்லாந்தில் மார்த்தா சங்கம் என்று ஒன்று உண்டு. 1899இல் தொடங்கிய இல்லத்தரசிகளின் அமைப்பு. சமையல், தோட்டம், வீட்டுச் செலவு என்று கிராமப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும் கூடிப் பேசுவதும் அதன் வேலை. ஏறக்குறைய ஒவ்வொரு கிராமத்திலும் அதற்குக் கிளை இருந்தது. புஸ்காவின் குழு அவர்களிடம் போனது. ‘நீண்ட ஆயுள் விருந்து’ என்று ஒரு வழக்கம் பிறந்தது. மாலையில் ஊர் கூடும். குழுவிலிருந்து யாராவது வந்து கொஞ்ச நேரம் பேசுவார்கள். பிறகு மார்த்தாக்கள் புது முறையில் சமைத்ததை எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். பேச்சைவிடச் சாப்பாடுதான் அங்கே பாடம்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். ‘கார்யலன்பைஸ்தி’ என்பது கரேலியாவின் அடையாளமான குழம்பு. மாட்டிறைச்சியும் பன்றி இறைச்சியும் துண்டு போட்டு, தண்ணீர் விட்டு, அடுப்புக்குள் மணிக்கணக்கில் மெதுவாக வேக விடுவார்கள். ‘இதை இனிமேல் சாப்பிடாதீர்கள்’ என்று சொல்லியிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கேட்கவும் கூடாது, அது பாட்டி கைமணம். மார்த்தாக்கள் என்ன செய்தார்கள் என்றால், இறைச்சியில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கேரட், உருளைக்கிழங்கு, ரூட்டபாகா என்னும் கிழங்கு ஆகியவற்றைப் போட்டார்கள். பெயரையும் பாத்திரத்தையும் அடுப்பின் நிதானத்தையும் தொடவே இல்லை. கணவன்மார்கள் சாப்பிட்டார்கள், பிள்ளைகள் சாப்பிட்டார்கள், சமைத்தவர்களும் அதையே சாப்பிட்டார்கள். வீட்டில் யாருக்கும் தனித் தட்டு இல்லை.

அந்தப் பெண்கள் முன்வந்ததற்குக் காரணம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நாற்பது வயதில் கணவனைப் புதைத்துவிட்டு மாட்டையும் நிலத்தையும் பிள்ளைகளையும் தனியாகப் பார்த்துக்கொண்டவர்கள் ஒவ்வொரு ஊரிலும் இருந்தார்கள். ஆண்களிடம் மாரடைப்பு பற்றிப் பேசினால் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விடுவார்கள். அந்தப் பேச்சின் எடை பெண்களுக்குத்தான் தெரிந்திருந்தது.

மார்த்தாக்களோடு நிற்கவில்லை. ஊரில் யார் பேச்சை மற்றவர்கள் கேட்பார்கள் என்று விசாரித்து, அப்படிப்பட்ட சுமார் 800 பேருக்குப் பயிற்சி கொடுத்தார்கள். இவர்களில் பெரும்பாலோர் மருத்துவத்தோடு தொடர்பில்லாத சாதாரண ஊர்க்காரர்கள். பக்கத்து வீட்டில் காபி குடிக்கும்போது ‘நீ இன்னும் சிகரெட்டை விடவில்லையா?’ என்று கேட்பதுதான் அவர்கள் வேலை. அதே 1972இல் பின்லாந்து ஆரம்ப சுகாதாரச் சட்டத்தைக் கொண்டுவந்து ஊர்தோறும் சுகாதார மையங்களை ஏற்படுத்தியதும் கைகொடுத்தது. பிரஷர் பார்ப்பது, பதிவேட்டில் எழுதுவது, திரும்பக் கூப்பிட்டு மாத்திரை சரியாகச் சாப்பிடுகிறாரா என்று கேட்பது எல்லாம் செவிலியர்கள் கைக்கு வந்தது. 1978இல் பள்ளிப் பிள்ளைகளுக்காக ஒரு தனித் திட்டம். 13 வயதில் புகையை மறுக்கப் பழகிய அந்தப் பிள்ளைகளைப் பதினைந்து ஆண்டு கழித்துப் பார்த்தபோதும், மற்றவர்களைவிட அவர்களில் புகைப்பவர்கள் குறைவாகவே இருந்தார்கள். பிறகு 1990களில் கிராமங்களுக்குள் கொலஸ்ட்ரால் குறைக்கும் போட்டி வைத்தார்கள். சராசரியை யார் அதிகம் இறக்குகிறார்களோ அந்த ஊருக்குப் பரிசு. நம் ஊர் கபடிப் போட்டியில் இருக்கிற அதே வீம்பு ரத்தப் பரிசோதனையிலும் வேலை செய்தது!

காபியும் மாறியது. பொடியைத் தண்ணீரோடு கொதிக்க விட்டுக் குடிப்பது பழைய பின்லாந்து வழக்கம். அந்த முறையில் காபிக் கொட்டையின் எண்ணெய்ப் பசை கோப்பைக்கே வந்து கொலஸ்ட்ராலை ஏற்றும். காகித வடிகட்டி அதைப் பிடித்து நிறுத்திவிடும். 1970, 80களில் நாடே மெல்ல வடிகட்டிக்கு மாறியதில், யாரும் காபியைக் குறைக்காமலே கொஞ்சம் கொலஸ்ட்ரால் இறங்கியது.

மாட்டுக்காரர்களின் வயிறு

இந்தத் திட்டத்தால் அடிபட்டவர்களும் உண்டு. வெண்ணெய் விற்காமல் போனால் மாடு வளர்ப்பவர் என்ன செய்வார்? பால் தொழில் எதிர்த்தது. வெண்ணெய்க்கு ஆதரவாகப் பேசியது. விவசாயிகளின் கோபம் நியாயமானது என்றே நினைக்கிறேன். அவர்களும் இதே ஊர்க்காரர்கள்தான், அவர்கள் வீட்டிலும் மாரடைப்பு உண்டு. ஆனால் கடன் கட்ட வேண்டுமே.

குழு அவர்களை எதிரியாக வைத்துக்கொள்ளவில்லை. 1980களில் பெர்ரித் திட்டம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். அந்தக் குளிருக்கு மாடு மட்டும் அல்ல, பெர்ரிப் பழங்களும் நன்றாக வரும். பிளாக்கரன்ட், ஸ்ட்ராபெரி தோட்டத்தில். புளூபெரி, லிங்கன்பெரி காட்டில். உறைய வைத்துப் பதப்படுத்தினால் நீண்ட குளிர்காலம் முழுக்கச் சாப்பிடலாம். சில பால் விவசாயிகள் பெர்ரிக்கு மாறினார்கள். கடுகு குடும்பத்தைச் சேர்ந்த ரேப்சீட், அந்த நாட்டுக் குளிருக்கு ஏற்ற ரகங்களாக வந்தபோது உள்நாட்டுச் சமையல் எண்ணெயும் கிடைத்தது. உள்ளூர் சாசேஜ் தயாரிப்பில் கொழுப்பைக் குறைத்துக் காளானைச் சேர்த்துப் பார்த்தார்கள். பாலுக்கு விலை போடும்போது கொழுப்பின் அளவை மட்டும் பார்த்தது போய், புரதத்தின் பக்கம் எடை சாய்ந்தது. 1976இல் நாடு முழுவதற்குமான புகையிலைச் சட்டம் விளம்பரத்தைத் தடை செய்தது. 1993 முதல் உப்பு அதிகமுள்ள பொருள்களின் உறையில் அதைச் சொல்ல வேண்டும் என்றானது.

நல்ல பொருள் கடையில் இல்லாமல், விலையும் கட்டுப்படியாகாமல், ‘நல்லதாகச் சமை’ என்று ஒரு அம்மாவிடம் சொல்வது நியாயமில்லை. இதைப் புஸ்காவின் குழு புரிந்துகொண்டிருந்தது.

என்ன நடந்தது

1972க்கும் 2007க்கும் இடையில் ஆண்களின் சராசரி கொலஸ்ட்ரால் 6.9இலிருந்து 5.4க்கு இறங்கியது, அதாவது 267இலிருந்து ஏறத்தாழ 209க்கு. மேல் பிரஷர் 149இலிருந்து 138. புகைக்கும் ஆண்கள் 52 சதவீதத்திலிருந்து 31. ரொட்டியில் முக்கியமாக வெண்ணெய் தடவியவர்கள் முன்பு பத்தில் எட்டுப் பேருக்கு மேல் இருந்தது போய், சிறுபான்மை ஆனார்கள். வேலை செய்யும் வயது ஆண்களின் இதய நோய் இறப்பு 2006 வாக்கில் 85 சதவீதம் குறைந்திருந்தது. லட்சத்துக்கு 700ஐ நெருங்கிய எண், 100 என்ற அளவுக்கு வந்தது.

இதில் மாத்திரைக்கும் அறுவை சிகிச்சைக்கும் பங்கு இல்லையா? உண்டு. பின்லாந்து முழுவதற்குமாக 1982 முதல் 1997 வரை நடந்த இறப்புக் குறைவை அலசியவர்கள், ஏறத்தாழ கால் பங்கு சிகிச்சையால் என்றும், பாதிக்கு மேல் கொலஸ்ட்ரால், பிரஷர், புகை ஆகியவை குறைந்ததால் என்றும் கணக்கிட்டார்கள். இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. மாரடைப்பு வந்தவருக்குக் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டினும், ரத்தம் கட்டியாகாமல் தடுக்கும் ஆஸ்பிரினும் எழுதியிருந்தால் அவை அவருக்கு வேண்டும். சாப்பாடு மாத்திரைக்கு மாற்று அல்ல.

எதிர்ப்பக்கக் கேள்விகளையும் மறைக்கக் கூடாது. ஒப்பிடுவதற்கு வைத்த குவோபியோவிலும் இறப்பு குறைந்தது. அதைக் காட்டி, இது எப்படியும் நடந்திருக்கும் என்று சொன்னவர்கள் உண்டு. முதல் ஐந்தாண்டுகளில் வட கரேலியா வேகமாக இறங்கியது. பிறகு 1977இலிருந்து பாடத்தை நாடு முழுக்கக் கொண்டுபோனதால் இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் மங்கியது. நல்ல செய்தியைப் பக்கத்து மாகாணத்துக்குப் போகாமல் வேலி போட்டு வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. ஆராய்ச்சி என்ற வகையில் அது ஓட்டைதான். இறந்திருக்க வேண்டிய ஆட்கள் இறக்கவில்லை என்பதை வைத்து நான் அதை மன்னித்துவிடுவேன்.

எல்லாமே இறங்கவும் இல்லை. 1972இல் பெண்களில் பத்தில் ஒருவர் புகைத்தார். பின்னால் அது ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஆனது. ஆண்களின் எடை கூடியது. 2007க்குப் பிறகு, மாவுச்சத்தைக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் உணவு முறை பிரபலமானபோது வெண்ணெய் மறுபடி மேசைக்கு வந்தது. 2012 கணக்கெடுப்பில் கொலஸ்ட்ரால் திரும்ப ஏறியிருந்தது. 40 ஆண்டு உழைப்புக்குப் பிறகும் ஐந்தே ஆண்டில் அது நடந்தது.

இரண்டு பாத்திரம் ஒன்றானது

தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு மற்ற நாட்டவர்களைவிடச் சராசரியாக ஐந்தாறு ஆண்டுகள் முன்னதாகவே வருகிறது. அப்பாவுக்கு வந்தது 54இல். எனக்கு இப்போது 31. தம்பிக்கு 27. அப்பாவுக்குத் தனிப் பாத்திரம் வைத்தபோது, எங்களை ஏதோ வேறு ரத்தம் என்பதுபோல நாங்களே ஒதுக்கி வைத்திருந்தோம். அவருக்கும் அது தண்டனை மாதிரி இருந்தது.

அம்மாவிடம் மார்த்தாக்களைப் பற்றிச் சொன்னேன். கேட்டுவிட்டு, “அப்போ உங்களுக்கும் சேர்த்தே சமைக்கிறேன். அப்புறம் உப்பில்லை, உறைப்பில்லைன்னு யாரும் வரக்கூடாது” என்றார். புளிக்குழம்பு புளிக்குழம்பாகவே இருக்கிறது. தாளிக்கிற எண்ணெய் மட்டும் கரண்டிக் கணக்கில் போகிறது. வறுவல் வாரம் ஒருநாள். அப்பளம் சுட்டது.

உப்பை எப்படி அளப்பது என்பதுதான் குழப்பமாக இருந்தது. உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஆளுக்கு நாளைக்கு 5 கிராமுக்குள். யார் தராசு வைத்துக்கொண்டு சமைப்பார்கள்? தம்பி கணக்குப் போட்டான்: நாங்கள் நான்கு பேர், நாளைக்கு 20 கிராம், ஆகவே ஒரு கிலோ பாக்கெட் 50 நாள் வர வேண்டும். வெளியே வாங்குகிற ஊறுகாய், மிக்சர், பிஸ்கட் எல்லாவற்றிலும் உப்பு இருப்பதால், உண்மையில் இன்னும் அதிக நாள் வர வேண்டும். பாக்கெட் பிரிக்கிற அன்று அதன் மேல் பேனாவால் தேதி எழுதி வைத்தோம்.

முதல் பாக்கெட் 29 நாளில் தீர்ந்தது. அம்மா நம்பவில்லை, யாரோ கொட்டியிருக்க வேண்டும் என்றார். இரண்டாவது 36 நாள். மூன்றாவதன் மேல் தேதியை அப்பாவே எழுதியிருக்கிறார். இன்று அதற்கு 41ஆம் நாள், டப்பாவில் இன்னும் இரண்டு விரல் உயரம் இருக்கிறது.